புதுப்பொண்ணுக்கு ரயிலில் ஒரு பேர்

கண்டோன்மென்ட் கூட்ஸ் ஷெட்டில் நான் எழுதிக் கொடுத்த பார்வர்டிங் நோட்டு ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. பெருமையடிக்கிறேன் என்பார்கள். அடிக்கிறேன், அதனால் என்ன? மூன்றாம் வகுப்போடு பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தவன் நான். இன்றைக்கு என் லாரிகள் நான்கு மாநிலத்தில் ஓடுகின்றன. பெருமையை நான் அடிக்காமல் வேறு யார் அடிப்பது?

பார்வர்டிங் நோட்டு என்பது ரயிலில் சரக்கு அனுப்புகிறவர் எழுதிக் கொடுக்கிற காகிதம். என்ன சரக்கு, எந்த ஊருக்கு, யாருக்கு என்று அதில் இருக்கும். அரிசி, துணி என்றால் யார் வேண்டுமானாலும் எழுதலாம். எரிகிற சரக்கு, அரிக்கிற சரக்கு, வெடிக்கிற சரக்கு என்றால் அதற்கு ரயில்வேக்காரன் வைத்திருக்கிற பேரைத்தான் எழுத வேண்டும். நம் ஜனங்களுக்கு எல்லாமே மருந்துதான். இருமலுக்கும் மருந்து, பட்டாசுக்குள் இருப்பதும் மருந்து, மூட்டைப் பூச்சிக்கு அடிப்பதும் மருந்து. "மருந்து, ஒரு பெட்டி" என்று எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள். ரயில்வேயில் மருந்து என்று சும்மா ஒரு சரக்கு கிடையாது.

சுதந்திரம் வந்த வருஷம் நான் அந்த ஷெட்டுக்கு மூட்டை தூக்கத்தான் வந்தேன். தொம்மலூரில் என் அக்கா வீட்டில் சாப்பாடு. விடிந்ததும் நடந்தே ஷெட்டுக்கு வருவேன். இங்கிலீஷ் எழுத்தை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதுகில் தூக்கிய டிரம்களின் மேலே இருந்ததைப் பார்த்துப் பார்த்துக் கற்றேன். கூட்ஸ் கிளார்க் மைசூர்ப் பக்கத்து மனிதர், தமிழில் கன்னடம் கலந்து பேசுவார். அவர் மேஜையில் சிவப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம் இருக்கும். ஆபத்தான சரக்குகளின் பேரெல்லாம் அதில்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவரை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தேன்.

"ஏனப்பா, இதைப் படிச்சு நீ ஹைகோர்ட் ஜட்ஜ் ஆகப் போறியா?" என்பார் அவர்.

"நீங்க படிங்க சாமி, நான் இன்னா ஆவறேன்னு அப்புறம் பாருங்க" என்பேன். பார்த்துவிட்டுத்தான் ரிட்டயர் ஆனார்.

மனப்பாடம் செய்தது முதலில் வீம்புக்காக. பிற்பாடு அது வீம்பு இல்லாமல் போனதற்குக் காரணம் என் கூட்டாளி ஒருவன். தங்கவயல்காரன். சுரங்கத்துக்குள் இறங்கப் பயந்து, வெளிச்சத்தில் வேலை செய்ய வேண்டும் என்று எங்களோடு வந்து சேர்ந்தவன். ஒரு மழைநாளில் ஷெட் மூலையில் ஒரு டிரம் புகைய ஆரம்பித்தது. காகிதத்தில் உப்பு என்று எழுதியிருந்தது. உப்பு ஏன் புகைகிறது என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்? ஓடிப்போய் ஒரு பக்கெட் தண்ணீரை எடுத்து ஊற்றினான். அது சாயப்பட்டறைக்காரர்கள் ஹைட்ரோஸ் என்று சொல்கிற வெள்ளைப் பொடி. துளி ஈரம் பட்டாலே சூடாகும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் பற்றிக்கொள்ளும். அந்தப் புகை அவன் நெஞ்சுக்குள் போய்விட்டது. உயிர் தப்பியது. ஆனால் அதற்கப்புறம் அவனால் ஒரு சிப்பத்தைக்கூடத் தூக்க முடியவில்லை. தங்கவயல் வண்டியில் நான்தான் அவனை ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து இருமிக்கொண்டே போனான்.

அன்றைக்கே முடிவு செய்தேன். என் கையால் எழுதுகிற பேர் அதன் சொந்தப் பேராகத்தான் இருக்கும்.

பிறகு ஷெட் வாசலில் ஒரு கள்ளிப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏஜென்ட் ஆனேன். சரக்கை அவரவர் வீட்டிலிருந்து எடுத்து வந்து, நோட்டு எழுதி, டிரம்மின் மேல் பிரஷ்ஷால் பேர் எழுதி, லேபிள் ஒட்டி, வேகன் ஏற்றுகிறவரை எல்லாம் என் பொறுப்பு. வரிசையில் நின்று என்னிடம் எழுதிக்கொண்டு போனார்கள். அப்படி எனக்கு வாடிக்கையானதுதான் அல்சூரில் ஏரிப் பக்கத்துச் சாயப்பட்டறை.

இனி அவளைப் பற்றி எழுத வேண்டும்.

சாயப்பட்டறைக்காரரின் மகள் அவள். வட ஆற்காட்டிலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக அல்சூரில் நூலுக்குச் சாயம் போடுகிற குடும்பம். அவர்கள் வீட்டு நீலத்துக்குப் பேட்டைக் கடைகளில் தனி மரியாதை. தகரை விதையும் சுண்ணாம்பும் போட்டுத் தொட்டியில் நாள்கணக்காக ஊறவைத்து, புளிக்க வைத்து எடுக்கிற பழைய காலத்து நீலம் என்று அதற்குப் பேர். பட்டறைக்குள் நுழைந்தாலே அந்தத் தொட்டியின் புளித்த நெடி முகத்தில் அடிக்கும். நான் அங்கே போவது நூல் கட்டுகளையும் சாயப் பெட்டிகளையும் ஷெட்டுக்கு எடுத்துப்போக. போனால் உடனே திரும்ப மாட்டேன்.

நீலச் சாயத்தில் முக்கிய நூலை வெளியே எடுக்கும்போது அது நீலமாக இருக்காது. மஞ்சளும் பச்சையுமாக, வாழைக் குருத்து போல இருக்கும். காற்று படப் பட, கண்ணெதிரிலேயே பச்சை இருண்டு நீலமாகும். அந்த நேரத்தில் நூலை உதறிக்கொண்டே நிற்க வேண்டும், வேறு வேலை ஓடாது. அவள் மூங்கிலில் நூலை மாட்டி உதறிக்கொண்டு நிற்பாள். எங்களுக்குக் கிடைத்த நேரம் அதுதான். பச்சையாக இருக்கும்போது பேச ஆரம்பித்தால், நீலமாவதற்குள் முடித்தாக வேண்டும். நீலமானதும் அவள் அடுத்த கட்டுக்குத் திரும்பிவிடுவாள். முழங்கைவரை அவளுக்கு நீலம். எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணில் நிற்கும். அதற்கப்புறம் எத்தனையோ நகைக் கை பார்த்துவிட்டேன். அப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். பட்டறையில் கூலிக்கு வருகிறவர்கள் வேறு பட்டறைக்கும் போவார்கள். எந்த நிறத்துக்கு எதைச் சேர்க்கிறோம் என்பது அவர்கள் காதில் விழக்கூடாது. அதனால் வீட்டுக்குள் எந்தச் சரக்கையும் அதன் பேரால் சொல்வதில்லை, உறவுமுறையால்தான் சொல்வார்கள். அதை எனக்குச் சொன்னவள் அவள்தான்.

"இதுக்கு உங்க ரயில்ல இன்னா பேரு?" என்று ஒருநாள் மூலையில் இருந்த ஜாடியைக் காட்டினாள்.

"அசிட்டிக் ஆசிட், கிளேசியல்."

"யப்பா! எங்க வூட்ல அது மாமியாரு. பக்கத்துல போனாலே மூக்கு எரியும்."

"காஸ்டிக் சோடா?"

"நாத்தனாரு. சும்மா தொட்டாலே தோலு உரிஞ்சிடும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே ஒரு அறை எப்போதும் பூட்டியே இருக்கும். அந்தப் பக்கமிருந்து வரும் வாசனை என்னவென்று எனக்குத் தெரியாதா? தெரியும். குரலைத் தணித்துக் கேட்டேன். "ஹைட்ரோஸு?"

உதறிக்கொண்டிருந்த கை நின்றது. கூலிப் பெண்கள் தூரத்தில் இருக்கிறார்களா என்று பார்த்தாள். "மோப்பம் புடிச்சிட்டீங்களா? அது புதுப்பொண்ணு. மூடி வெச்சாத்தான் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணி பட்டாப் போதும், பொசுக்குன்னு கோவம் வந்துடும். எங்கப்பா முன்னாடி கேட்றாதீங்க."

விஷயம் இதுதான். பழைய தொட்டி நீலம் ஆவதற்கு நாளாகும். கல்யாண சீசனில் கடைக்காரன் காத்திருப்பானா? ஹைட்ரோஸ் போட்டால் அன்றே முடிந்துவிடும். நிறத்திலும் வித்தியாசம் தெரியாது. அவள் அப்பா வாசலில் தகரைத் தொட்டியை வைத்துக்கொண்டு பூட்டிய அறைக்குள் பாதி நூலை ஹைட்ரோஸில்தான் முக்கினார். அது வெளியே தெரிந்தால் அந்த வீட்டு நீலத்துக்கு இருந்த தனி மரியாதை போய்விடும்.

"ரயில்ல அதுக்குப் பேரு சோடியம் ஹைட்ரோசல்பைட்" என்றேன்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னேன்.

"உங்க வாயில கேட்டா இன்னாவோ சாமி பேரு மாதிரி கீது" என்றாள். நூல் நீலமாகிவிட்டிருந்தது. அன்று மட்டும் அவள் உடனே திரும்பவில்லை.

அக்கா எனக்காகப் பெண் கேட்கப் போனாள். போகும்போதே என்னிடம் எச்சரிக்கை. "நீ கூட வராத. வந்து உன் ரயில் பேரெல்லாம் ஒப்பிச்சா பொண்ணு குடுக்கறவங்க பயந்துப்பாங்க." சாயப்பட்டறைக்காரர் யோசித்துத்தான் ஒத்துக்கொண்டாராம். "பையன் கை சுத்தம். வாயிதான் கொஞ்சம் நீளம். ஆவட்டும், தீவாளி கழிச்சி தாம்பூலம் மாத்திக்கலாம்" என்றாராம். தொம்மலூரிலிருந்து ஷெட்டுக்கு அந்த மாதம் நான் நடந்து வந்ததே தெரியாது. கள்ளிப்பெட்டிக்குப் பதில் நல்ல மேஜை ஒன்று வாங்கிப் போட்டேன். கல்யாணமானவனுக்கு மேஜை வேண்டும் இல்லையா?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அவள் அப்பா ஜட்கா வண்டியில் தாமே ஷெட்டுக்கு வந்து இறங்கினார். வண்டியில் சாக்குச் சுற்றிய சின்னச் சின்னத் தகர டிரம்கள். ஆரணியில் அவர் தம்பி புதிதாகப் பட்டறை வைத்திருந்தார். அங்கே அனுப்ப வேண்டுமாம்.

குடையை மடக்கிக்கொண்டே, "இன்னா மாப்ளே, சௌக்கியமா?" என்றார்.

மாப்பிள்ளை என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை நாள் அந்தப் பட்டறை வாசலில் காரணமில்லாமல் நின்றிருக்கிறேன்! எழுந்து என் நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். அவர் உட்காரவில்லை. குனிந்து என் காதருகே சொன்னார்.

"சாய உப்புன்னு எழுதிடு."

டிரம்மின் பக்கம் குனிந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "மாமா, இது உப்பு இல்லியே."

"எனக்குத் தெரியாதா? அந்தப் பேர எழுதினா உன் கிளார்க்கு சத்தமா படிப்பான். நீ டிரம்மு மேல கொட்ட எழுத்துல எழுதுவ, செவப்பு லேபிள் ஒட்டுவ. அதோ பாரு, எதிர்ப் பட்டறை ஆளு." கண்ணால் காட்டினார். அல்சூரிலேயே அவருக்குப் போட்டியான பட்டறையின் கணக்குப்பிள்ளை, நூல் சிப்பம் புக் செய்ய வந்து தூணோரம் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். "அவன் காதுல வுழுந்தா எங்க பரம்பர நீலம் தெருவுக்கு வந்துடும்."

"காட்பாடில வண்டி மாத்தணும் மாமா. பெரிய லைன்ல போற சரக்க எறக்கி, சின்ன லைன் வண்டில ஏத்துவாங்க. உப்புன்னு இருந்தா மழைல அப்டியே பிளாட்பாரத்துல போட்டு வெப்பாங்க. சரியான பேரு இருந்தாத்தான் கூரைக்குக் கீழ வெச்சி தார்ப்பாய் போடுவாங்க."

"காட்பாடில மழ பேஞ்சா உனக்கு இன்னா?"

தங்கவயல் கூட்டாளியைப் பற்றிச் சொன்னேன். கேட்டார். பாவம் என்றுகூடச் சொன்னார். அப்புறம் சொன்னார்: "என் பொண்ணு உன் வூட்டுக்கு வரணுமா, வேணாமா? அத சொல்லு மொதல்ல."

என் கையில் பேனா இருந்தது. எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு பதிலில் இருந்தது. ஆனாலும் கை அந்தச் சொல்லை எழுதவில்லை. "நான் எழுத மாட்டேன் மாமா. சரியான பேர்ல போடுங்க, ராத்திரியே நான் ஆரணி வரைக்கும் கூடப் போறேன். இல்லன்னா திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

அவர் குடையை ஊன்றிக்கொண்டு எதிரே இருந்த இன்னொரு ஏஜென்டிடம் போனார். அவன் கேள்வி கேட்கிறவன் இல்லை. உப்பு என்று எழுதினான், கிளார்க் முத்திரை போட்டார், டிரம்கள் தள்ளுவண்டியில் ஏறின. நான் என் புது மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் தீபாவளி கழித்துத் தாம்பூலம் மாற்றியிருப்பார்கள்.

மழையில் நனைந்துகொண்டு வந்த ஒரு கூலியாள், தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்து உதறி, சொட்டச் சொட்ட ஒரு டிரம்மின் மூடிமேல் போட்டான்.

"டேய், எடுடா சாக்க! அது உப்பு இல்லடா!"

ஷெட் முழுக்கத் திரும்பியது. என் குரல் சின்னக் குரல் இல்லை. கிளார்க் எழுந்து வந்து, "ஏனு? உப்பு இல்லையா? அப்ப ஏனது?" என்றார்.

"சோடியம் ஹைட்ரோசல்பைட்" என்றேன்.

அவர் மூடியைக் கொஞ்சம் திறந்து மோந்து பார்த்துவிட்டு உடனே மூடினார். தூணோரத்துக் கணக்குப்பிள்ளை பீடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "அட்றா சக்க! தகர வெத எங்க வெளையுதுன்னு இப்ப தெரிஞ்சி போச்சி. பரம்பரத் தொட்டி டிரம்முல போவுது பாரு!"

அவள் அப்பா கத்தவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து, மடித்து, மறுபடி தோளில் போட்டார். "உனக்கு எவ்ளோ தெரியும்னு காட்டிட்ட. நல்லா இருப்பா" என்றார். மாப்பிள்ளை என்ற சொல் அந்தக் காலையிலேயே வந்து, அந்தக் காலையிலேயே போய்விட்டது.

டிரம்கள் சரியான பேரில்தான் போயின. கிளார்க் புது நோட்டு எழுத வைத்தார். டிரம்களின் மேல் பேர் எழுதியது நான். லேபிள் ஒட்டியதும் நான்தான். காட்பாடியில் இரண்டு நாள் மழையில் கூரைக்குக் கீழே பத்திரமாக இருந்து, நனையாமல் ஆரணி ரோடு ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தன என்று ரயில் கார்டு சொன்னார்.

அக்கா அல்சூருக்குப் போனாள். வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து பழத்தட்டைத் தொப்பென்று வைத்தாள். "ஒரு வார்த்த முழுங்கியிருந்தா உன் வயிறு வெடிச்சிடுமா?" என்றாள்.

அவளை ஏரிக்கரைப் படியில் பார்த்தேன். காலையில் அங்கேதான் நூல் அலசுவாள். நான் வருவேன் என்று தெரிந்து, கூட வந்தவர்களை முன்னால் அனுப்பிவிட்டிருந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அழுத முகமாகத் தெரியவில்லை. நூலைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"சரக்கு ஊருக்குப் போய்ச் சேந்துடுச்சா?"

"சேந்துடுச்சு."

"யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?"

"ஆவல."

"நல்லது. நீங்க சொன்னது சரிதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா இனிமே அந்தப் பேரு யாருக்கு வேணும்? ஷெட்டுக்குப் போயி, அல்லாரும் இருக்கும்போது, அன்னிக்கு அவசரத்துல தப்பா சொல்லிட்டேன், அது வேற சரக்குன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. எங்கப்பாவுக்கு அது போதும். நான் அவரக் கேட்டுட்டேன்."

"கிளார்க்கு மோந்து பாத்தாரே."

"அவருக்குச் சதா சளி. நீங்க சொன்னதத்தான் அவரு எழுதினாரு."

"நான் ஒரு பேரக்கூடத் தப்பா சொன்னதில்ல. உனக்கே தெரியும்."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்." நூலைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். "வேற இன்னா கீது உங்ககிட்ட, எனக்குக் குடுக்க?"

இதைவிடப் பெரிய கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்கு வீடு இல்லை, நிலம் இல்லை, படிப்பு இல்லை. என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று: நான் சொன்னால் அது சரியாக இருக்கும் என்று ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைத்தான் அவள் கேட்டாள். கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. கொடுக்கிறேன் என்றேன். சத்தியமாகக் கொடுக்கத்தான் போனேன்.

மறுநாள் மத்தியானம், டீ வருகிற நேரத்துக்குக் காத்திருந்தேன். அப்போதுதான் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். கிளார்க் இருந்தார். எதிர்ப் பட்டறைக் கணக்குப்பிள்ளையும் இருந்தான். நான் எழுந்து நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்.

"அன்னிக்கு ஆரணி டிரம்முக்கு நான் சொன்ன பேரு தப்பு. அது வேற சரக்கு. அவசரத்துல சொல்லிட்டேன்."

அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. கிளார்க்குக்குப் புரையேறிவிட்டது. "லோ, பொண்ணுக்காக ஏதேதோ சொல்றானே!" என்று தலையில் தட்டிக்கொண்டார். கணக்குப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டான். "வாத்தியாரே, நீ பேரு தப்பா சொன்னேன்னு நீயே சொன்னாக்கூட நாங்க நம்ப மாட்டோம். வேற யாரயாவது கூட்டியாந்து சொல்லச் சொல்லு!"

நான் கட்டிய பேர் அப்படி. நானே இடித்தாலும் இடியவில்லை.

அவர்கள் சிரித்ததைத் தாங்கியிருப்பேன். இன்னொரு தடவை, இன்னும் உறுதியாகச் சொல்லியிருப்பேன். அதற்கும் தயாராகத்தான் வாயைத் திறந்தேன். அப்போது அந்தக் கூலியாள், ஈரச் சாக்கைப் போட்டவன், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அவன் ஒருவன்தான் சிரிக்கவில்லை.

"குரு, மெய்யாலுமே தப்பா?" என்று கேட்டான். "எனக்குப் படிக்கத் தெரியாது. நீ சொன்னத வெச்சித்தான் தூக்கறேன், எறக்கறேன். நீ அப்டியும் சொல்லி இப்டியும் சொன்னா, நாளைக்கு நான் எத நம்பித் தோள்ல வெக்கறது?"

அவள் கேட்ட வார்த்தை நாக்கில்தான் இருந்தது. எதிரே அவன் முகம் இருந்தது.

"இல்லடா," என்றேன். "சும்மா சொன்னேன். அது சோடியம் ஹைட்ரோசல்பைட்தான்."

அவன் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தான். சாயங்காலத்துக்குள் விஷயம் அல்சூருக்குப் போய்விட்டது. வந்தான், இல்லை என்றான், மறுபடி ஆமாம் என்றான் என்று கூட்டிக் குறைத்துச் சொல்லியிருப்பார்கள். ஏரிக்கரைப் படிக்கு நான் மறுபடி போனேன். பல காலை போனேன். அலசுகிற வேலைக்கு வேறு ஆள் வைத்துவிட்டிருந்தார்கள்.

தை மாதம் அவளை ஆரணியில் கொடுத்தார்கள். சித்தப்பா பட்டறையைக் கூட இருந்து நடத்துகிற உறவுக்காரப் பையனாம். கண்டோன்மென்ட் ஸ்டேஷனில்தான் ஏறினார்கள். கூட்ஸ் ஷெட்டிலிருந்து பார்த்தால் பயணிகள் பிளாட்பாரத்தின் கடைசிப் பகுதி தெரியும். மாலையும் மேளமும் பெட்டிகளுமாக ஒரு கூட்டம் நின்றது. அதில் எந்தப் புடவை அவளுடையது என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி கிளம்பியபிறகு, அங்கே போய் நின்றேன். தரையில் கொஞ்சம் பூ சிதறியிருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்லாவிட்டால் கதை நேர்மையாக இருக்காது. அல்சூரில் பரம்பரை நீலம் என்று சொல்லிக்கொண்ட மற்றப் பட்டறைக்காரர்களும் ஒவ்வொருவராக என் மேஜைக்கு வந்தார்கள். சிரித்தானே அந்தக் கணக்குப்பிள்ளை, அவன்தான் முதல் ஆள். "எங்களுக்கும் அந்தப் பேர்லயே ஒண்ணு எழுதிக் குடு வாத்தியாரே" என்று பல்லைக் காட்டினான். எல்லா வீட்டிலும் பூட்டிய அறை இருந்திருக்கிறது! ஒரு வருஷத்துக்குள் அது ரகசியமே இல்லை. யாருடைய நீலத்துக்கும் மரியாதை குறையவுமில்லை. ஒரு வருஷம் முன்னால் அது தெரிந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் கிடையாது.

எனக்குப் பிற்பாடு கல்யாணம் ஆனது. நல்ல மனுஷி. பிள்ளைகள் படித்தார்கள். ஒரு மேஜை ஒரு கடை ஆனது, கடை ஒரு லாரி ஆனது, லாரி பல லாரி ஆனது. இதையெல்லாம் தனியாக விரிவாக எழுதலாம், எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் எனக்கு நானே பெருமையாகச் சொல்லிக்கொள்கிற எந்த விஷயத்தையும் சொல்லி முடித்தபிறகு, முழங்கைவரை நீலமான ஒருத்தி அதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பாள் என்று மனசு காத்திருக்கும். பதில் வராது. அதனால்தான் மறுபடி இன்னொன்றைச் சொல்ல ஆரம்பிக்கிறேன். என்னை அதிகம் பேசுகிறவன் என்கிறவர்களுக்கு இது தெரியாது.

அவள் கல்யாணம் முடிந்து சில வருஷம் கழித்து அவள் அப்பா மறுபடி என் மேஜைக்கு வந்தார். எதிர் ஏஜென்ட் தொழிலை விட்டுவிட்டிருந்தான், அவருக்கு வேறு வழியில்லை. தலை நன்றாக நரைத்திருந்தது. ஆரணிக்கு டிரம்கள். என்ன பேர் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எழுதினேன், கையெழுத்துப் போட்டார். பிறகு மாதாமாதம் வந்தார். இரண்டு பேருக்கும் இடையில் ஆரணி என்ற ஒரு வார்த்தைதான். நான் டிரம்மின் மேல் ஒவ்வொரு எழுத்தாக எழுதுவேன். காட்பாடியில் இறக்குகிறவன் படிக்கட்டும் என்று முன்பு எழுதினேன். இப்போது அது போய் இறங்குகிற வீட்டையும் நினைத்துக்கொண்டு எழுதினேன். எழுத்து கொஞ்சம் அழகாகவே வந்தது.

ஒரு தடவை அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் நின்றார்.

"போன மாசம் ஆரணிக்குப் போயிருந்தேன்" என்றார். "டிரம்மு மேல இது யார் எழுதறதுன்னு பொண்ணு கேட்டுது."

என் கை நின்றுவிட்டது. "நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஷெட்டுல எவனோ ஒருத்தன்னு சொன்னேன்."

மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் குடையை விரித்தார். நான் எழுந்து நின்று, "நம்பிச்சா?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் டிரம்மில் காயாத எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜட்காவில் ஏறி, வண்டிக்காரனிடம் அல்சூர் என்றார்.